பிறைகளைத் திருப்பியது யார்?

எங்கள் வீட்டில் சந்தேகம் ரத்தத்தில் ஊறியது. பால் பாக்கெட்டை வாங்கியதும் அம்மா கையில் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள், தண்ணி கலந்த பால் எடையில் தெரிந்துவிடும் என்பதுபோல. சிலிண்டர் வந்தால் அப்பா அதன் சீலை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும், கழற்றிவிட்டு ஒரு முறையும் பார்ப்பார். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள் நான். அதனால் இரண்டாயிரத்து எட்டாம் வருடக் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆபீஸில், "எரிமலை மண்ணுல, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சின்ன ஹோட்டல்" என்று சார் சொன்னபோது, இந்த மனுஷன் யாரிடமோ நன்றாக ஏமாந்திருக்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எரிமலையில் எவனாவது திராட்சை போடுவானா? போட்டாலும் அங்கே யார் போய்த் தங்குவார்கள்? வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, "ஒயின் ஷாப்புக்கு லாட்ஜ் கட்டுறீங்களா?" என்றாள். "இல்லம்மா, அது வேற" என்றேன். "என்ன வேற? ஊத்திக் குடிக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி அரிசியில் கையை விட்டாள்.

எங்கள் ஆபீஸ் முடிச்சூர் சாலையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே எங்கள் மேஜை லேசாக நடுங்கும். யாராவது மிளகாய் அரைக்கக் கொண்டுவந்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் தும்மல்தான். வெளிநாட்டில் இருக்கும் கட்டிடக்கலைஞர்கள் கையால் கிறுக்கி அனுப்புவதை நாங்கள் கணினியில் அளவோடு வரைந்து திருப்பி அனுப்புவோம். சாயங்காலம் ஆறரைக்கு சார் மெயிலில் அனுப்பிவிட்டுப் போவார். நாம் தூங்கி எழுவதற்குள் அவர்கள் பார்த்து, தப்புகளைச் சிவப்பில் சுழித்து அனுப்பியிருப்பார்கள். காலையில் வந்ததும் அந்தச் சிவப்பைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் வாங்கிய பயம் எனக்கு இருபத்தாறு வயதிலும் தினம் இருந்தது.

ஹோட்டல் உண்மைதான். அட்லாண்டிக் கடலில் ஒரு தீவு. எப்போதோ எரிமலை வெடித்துச் சாம்பல் மூடிய சரிவு. கட்டிடக்கலைஞர் ஒரு அம்மா, அவர் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். தார் ரோடு போட மலைபோல் கருங்கல் பொடியைக் கொட்டியது மாதிரி ஒரு நிலம். அதில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரே ஒரு திராட்சைக் கொடி, பச்சையாக, தரையோடு படுத்துக்கொண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் மட்டும் கறுப்புக் கல்லால் அரைவட்டமாக ஒரு குட்டைச் சுவர். மேலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் பிறை பிறையாகத் தெரிந்தது. பிறைகளை அசைக்காமல், அவற்றுக்கு நடுவில் ஒன்பது அறைகளைச் சாம்பலுக்குள் பாதி புதைத்து வைக்க வேண்டும். அறைக்கும் அதே கல், கூரைமேலும் அதே சாம்பல். தூரத்தில் இருந்து பார்த்தால் ஹோட்டல் இருப்பதே தெரியக் கூடாது என்று அந்த அம்மா எழுதியிருந்தார். சார் அந்தக் குழிகளைப் பார்த்ததும், "ஓ, அங்கயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் போலிருக்கு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் ஒரு காலத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தோம். அந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் விழ ஆரம்பித்ததும் வேலை வருவது நின்றது. ஒவ்வொருவராகப் போய், கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம்: நானும், என்னைவிட ஆறு வயது மூத்த ஒரு அக்காவும். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். ஐ.டி.ஐ.யில் படம் வரையும் படிப்பு முடித்தவள். கணவர் வேறொருவர் படகில் கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். தினம் கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து வண்டலூர் ரோடு வழியாகத் தாம்பரம் பஸ் பிடித்து வருவாள். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் வாயைத் திறந்தால் "இன்னா", "கீது". டிப்ளமோ படித்த எனக்கு அது கொஞ்சம் இளப்பமாகத்தான் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நேராகவே சொன்னார். "இந்த ஹோட்டல் முடிஞ்சா அடுத்து கையில ஒண்ணும் இல்ல. ஒருத்தரைத்தான் நான் வச்சுக்க முடியும். யாருன்னு நான் சொல்லப் போறதில்ல, வேலை சொல்லட்டும்." அதற்கு நாங்கள் இருவரும் ஒரே மாதிரி தலையாட்டினோம். வெளியே வந்ததும் அவள் எனக்கு ஒரு கமர்கட் கொடுத்தாள். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது எதற்கு இந்த அன்பு என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனேன். அப்பாவின் கம்பெனி மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்த வேலை போனால் வீட்டில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அவள் வீட்டிலும் அதே நிலைதான், கடல் கொடுத்தால் உண்டு. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன, எனக்கு என் வயிறு.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். முழுச் சரிவும், பிறைகளும், நடைபாதைகளும் இருக்கும் பெரிய படம் அவளுடையது. ஒன்பது அறைகள் என்னுடையவை. ஒரு நாளைக்கு ஓர் அறை என்று கணக்கு. அறையை என் ஃபைலில் முடித்துவிட்டு, சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, பெரிய படத்தைத் திறந்து அதற்குரிய இடத்தில் வைப்பேன். பிறகு சார் அனுப்புவார்.

ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் உட்காருவதற்கு ஒரு சின்னத் தளம். அதை ஒட்டி ஒரு பிறைச் சுவர். முதல் அறையை வைக்கும்போதே எனக்கு அது உறுத்தியது. படத்தின் மூலையில் காற்று வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள், வடகிழக்கிலிருந்து. பிறையோ சரியாக அந்தப் பக்கமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காசு கொடுத்துத் தங்க வருகிறவன் சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், வருகிற காற்றை ஒரு கல் சுவர் மறிக்கிறது. என்ன அநியாயம் இது! சேலையூரில் எங்கள் மாடி போர்ஷனில் ஒரே ஒரு ஜன்னல்தான் கிழக்கே பார்த்தது. நாலு மணிக்குமேல் கடல் காற்று அதன் வழியாக வந்தால் வந்தது. வராவிட்டால் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவோம். மே மாதத்தில் அந்த ஜன்னலடியில் யார் படுப்பது என்று எனக்கும் என் தம்பிக்கும் நடந்த சண்டையில் எனக்கு ஒரு பல் ஆடியிருக்கிறது. காற்றை மறித்துச் சுவர் வைப்பது என்பது என் புத்திக்கு எட்டாத காரியம். சர்வே எடுத்தவன் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். அந்த ஒரு பிறையை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்து, பிறை மட்டும் பெரிதாக வந்தது. காற்றுப் பக்கம் வாய் திறக்கும்படி திருப்பினேன். சேமித்தேன், மூடினேன், சாருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தங்குகிறவர்கள் வாழ்த்துவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வந்த படத்தில் சரிவு முழுக்க ஒரே சிவப்புச் சுழி. "பிறைகள் எல்லாம் தவறான பக்கம் பார்க்கின்றன. தயவுசெய்து கவனியுங்கள்." எனக்கு அதில் சம்பந்தமே இல்லை. சரிவு அக்காவுடையது. நான் தொட்டது ஒன்றே ஒன்று. அவள் உட்கார்ந்து சரிசெய்தாள். உள்ளுக்குள் லேசாகச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் இரண்டாவது அறையை வைக்கத் திறந்தால், முதல் அறை முன்னால் நான் திருப்பி வைத்த பிறை பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சுருக்கென்றது. என் அறையில் இவள் எதற்குக் கை வைக்கிறாள்? இரண்டாவது அறைப் பிறையைத் திருப்பிவிட்டு, முதல் அறைக்கு நகர்ந்தேன். அது தானாகவே சரியாக இருந்தது! முதலில் நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்து அப்படியே மூடினேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. மில்லில் யாரோ மிளகாய் போட்டிருந்தார்கள், எனக்குத் தும்மல்.

அடுத்த நாளும் அதே சிவப்பு. மூன்றாம் நாளும். சிவப்பில் எழுதிய ஆங்கிலம் நாளுக்கு நாள் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. அக்கா ஒரு நாள் என் பக்கம் திரும்பி, "சாயந்தரம் நீ பெரிய படத்தைத் தொடுறியாமா?" என்றாள். "என் ரூம் முன்னாடி மட்டும்தான் அக்கா, வேற எதையும் தொடலையே" என்றேன். "சரி" என்றாள். அந்த "சரி"யை நான் வீட்டுக்கு எடுத்துப் போய் ராத்திரிச் சாப்பாடு வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். என்மேல் பழியைத் தள்ளப் பார்க்கிறாள். அதற்குத்தான் இந்தக் கேள்வி. நாளைக்கு சாரிடம், "சாயந்தரம் அவதான் தொடுறா" என்று சொல்வதற்கு இப்போதே அஸ்திவாரம் போடுகிறாள்.

சந்தேகம் வந்துவிட்டால் போதும், எல்லாமே சாட்சிதான். அவள் காலையில் சீக்கிரம் வருவது சாட்சி. நான் பின்னால் நடந்தால் திரையைச் சின்னதாக்குவது சாட்சி. ஒரு சின்ன நோட்டில் என்னவோ குறித்து வைப்பது சாட்சி. படியில் இறங்கிப் போய் போனில் மெதுவாகப் பேசுவது சாட்சி. மதியம் ஒரு நாள் அவள் கருவாட்டுத் தொக்கில் சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தப் போட்டோக்களைப் பற்றிப் பேசினாள். "எங்க பக்கம் பளைய குடிசைங்கோ எதுவும் கடலைப் பாத்துகினு நிக்காது. காத்துக்கு முதுகைத்தான் காட்டும். மணல் அடிச்சிகினு வந்து சோத்துல விளும். இந்தக் கொடிக்கும் அதான் சொவுரு வச்சிகிறான், பாவம்." நான் என் சோற்றைப் பிசைந்தேன். ஆனால் மனசுக்குள், ஆஹா, பிறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இவளுக்கு என்ன இத்தனை அக்கறை, திருடிக்குத்தானே பூட்டைப் பற்றிப் பேச்சு வரும் என்று ஓடியது. அவள் தங்கத்தை எடுத்துக் கையில் வைத்தாள். நான் அதைத் திருட்டு நகை என்று பார்த்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் எட்டு மணிக்கே வந்தேன். சாவி மாவு மில்காரரிடம் இருக்கும். அவள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள் என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் முதுகும், அதற்கு அப்பால் திரையும் தெரிந்தன. திரையில் ஒரே ஒரு பிறை, பெரிதாக. அதைப் பிடித்துத் திருப்பினாள். சேமித்தாள். அடிப் பாவி! ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருப்புகிறாள், தினம் காலையில், ஆள் வருவதற்கு முன்னால்! இதற்குமேல் பார்க்கத் தேவை இல்லை என்று நினைத்தேன். வந்த வழியே இறங்கி, எதிர் டீக்கடையில் ஒன்பதரை வரை நின்றேன். இரண்டு டீ குடித்தேன். பதட்டத்தில் இல்லை, ஜெயித்துவிட்ட குஷியில்.

ஏழாவது அறை போன மறுநாள் வந்த மெயிலில் சிவப்புச் சுழி எதுவும் இல்லை. நான்கே வரிகள். இது இன்னொரு முறை நடந்தால் வேலையை வேறு ஆபீஸுக்குக் கொடுத்துவிடுகிறோம், இதற்குப் பொறுப்பானவர் யார் என்று தெரிய வேண்டும் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். சார் அதை அச்செடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. கரண்ட் வேறு போய், யு.பி.எஸ். கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? ஒரு நாள் தப்புன்னா தப்பு. ஏழு நாளும் அதே தப்பா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் நேரா வச்சிட்டுதான் சார் சாயந்தரம் போறேன். காலைல வந்து பாத்தா திரும்பிக்குது."

"தானா திரும்புமா? யாரு திருப்புறா?"

அவள் என்னைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு முழு நிமிடம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு சாரைப் பார்த்து, "தெர்ல சார்" என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் கண்ணால பார்த்தேன். வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு, அக்கா தனியா உட்கார்ந்து பிறையைத் திருப்பிக்கிட்டு இருந்தாங்க. என் ரூம் முன்னாடி இருக்கிறதையும் தினம் திருப்பி வைக்கிறாங்க. என் வேலை கெட்டுப் போகணும்னுதான் சார்."

சார் அவளைப் பார்த்து, "திருப்பினியா?" என்றார்.

"திருப்புனேன் சார். ஆனா நான்..."

"ஆமாவா இல்லையா?"

"ஆமா சார்."

அதற்குமேல் அவளை அவர் பேச விடவில்லை. அவருக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது, அன்றைக்கே, அந்த மெயிலுக்குப் பதில் எழுத. அவள் டிஃபன் டப்பாவையும் நோட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படியிறங்கும்போது மில்காரரிடம், "வர்றேண்ணா" என்று சொன்னது மேலே கேட்டது. தவறு செய்தவர்களுக்கு எப்படிக் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று வியந்தேன். பெரிய அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு பெரிய படமும் என்னிடம் வந்தது. பிறைகள் எல்லாம் சரியாகத்தான் நின்றன. என் அறைகளின் பிறைகளும் காற்றுக்கு முதுகு காட்டின. சரி, அவற்றைக் கடைசியில் மொத்தமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் சிவப்பே வரவில்லை. சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, ஆளு போனதும் பிரச்சினையும் போச்சு." எனக்கும் அதே நிம்மதி. அம்மாவிடம் சொன்னபோது, "உன் மேலயே பழி போடப் பார்த்தாளா? நல்ல வேளை, கண்ணு வச்சிருந்த" என்று தோசையில் இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டாள்.

ஒன்பதாவது அறை மத்தியானம் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. பெரிய படத்தில் வைத்தேன். அதன் முன்னால் இருந்த பிறையை இரண்டு தட்டுத் தட்டி, பெட்டிக்குள் திருப்பி, சேமித்து வெளியே வந்தேன். வழக்கமாக அங்கேயே மூடிவிடுவேன். அன்று நேரம் இருந்தது. ஒன்பது அறையும் சேர்ந்து எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று மௌஸ் சக்கரத்தை உருட்டிப் படத்தைப் பின்னால் இழுத்தேன்.

சரிவு முழுவதும் திரும்பியிருந்தது. ஒன்றுவிடாமல், அத்தனை பிறைகளும், காற்றைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு.

கடைசியாகச் செய்ததை ரத்து செய்தேன். எல்லாம் முதுகு காட்டின. மறுபடி செய்தேன். எல்லாம் வாயைத் திறந்தன. நாலு முறை செய்து பார்த்தேன். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்ததால் தனித்தனியாக வரைந்தவை என்று நான் நினைத்திருந்தேன். எல்லாம் ஒரே அச்சின் பிரதிகள், "பிளாக்" என்போம். ஒன்றை உள்ளே போய்த் திருத்தினால் அந்தப் பெயரில் உள்ள எல்லாமே மாறும். முதல் மாதம் படிக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பிறைக்கு அது பொருந்தும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஏழு சாயங்காலம் நான் அந்தத் தீவின் கொடிகளையெல்லாம் காற்றுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஏழு காலை அவள் சீக்கிரம் வந்து காப்பாற்றியிருக்கிறாள். அந்த வியாழக்கிழமை அவள் திருப்பினாள், உண்மை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக சார் மேஜைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். செய்தும் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம் சார்."

"எப்படிக் கூப்பிடறது? பொறுப்பானவங்களை அனுப்பிட்டோம்னு அந்த அம்மாவுக்கு எழுதிட்டேன். நன்றின்னு பதிலும் வந்தாச்சு. இப்ப இவங்க இல்ல, அவங்கன்னு எழுதவா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எழுதறதுன்னா எழுதறேன். ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்னு முதல்லயே சொல்லியிருக்கேன். நீயே சொல்லு. எழுதவா?"

நான் பேசவில்லை. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை நடுங்கியது. அவர் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, "போ, படத்தை சரி பண்ணு" என்றார். நான் போய்ச் சரிசெய்தேன். அறைக்கு முன்னால் இருந்த பிறைகளையும் காற்றுக்கு முதுகு காட்ட விட்டேன். அந்த அம்மாவிடமிருந்து "அருமை" என்று ஒரு வார்த்தை வந்தது. வேலை எனக்கு நிலைத்தது. அதற்குப் பிறகு அங்கே மூன்று வருடம் இருந்தேன்.

சாரிடம் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமையே கோவளம் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் அவள் வீடு. வரிசையாக ஒரே மாதிரி காங்கிரீட் வீடுகள். கட்டியவர்கள் கடலைப் பார்த்துப் பெரிய பெரிய ஜன்னலாக வைத்திருந்தார்கள். குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் அதைத் தகரத்தாலும் பழைய விளம்பரப் பேனராலும் அடைத்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எனக்குப் பல்லெல்லாம் மணல். அவள் வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "வாம்மா, உள்ள வா, மண்ணு அடிக்கிது" என்றாள். மகளைக் கடைக்கு அனுப்பினாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பிறை, இரண்டு தட்டு, ஒன்பதாவது அறை, சார் கேட்ட கேள்வி, நான் பேசாமல் இருந்தது வரை. "தெரியாம செஞ்சுட்டேன் அக்கா. சத்தியமா பிளாக்குன்னு தெரியாது" என்றேன்.

"ஒரே பிளாக்குன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சிபோச்சு" என்றாள். "நீதான் வேணும்னு பண்றன்னு நெனச்சிகினு இருந்தேன். படம் போடுறவளுக்கு அது தெரியாம இருக்குமா?"

"பின்ன ஏன் அக்கா சார் கேட்டப்ப சொல்லல?"

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நெனச்சேன், அவ்ளோதான். கண்ணால பாக்கல. அதான் வாயத் தொறக்கல. நீ பாத்தேன்னு சொன்னியேம்மா. இன்னா பாத்த?"